கண்ணாடிக் கூண்டும் காற்றாடும் வீடும்

வெயில் கொளுத்தும் மண்ணில் கண்ணாடிச் சுவரெழுப்பி, உட்புகுந்த வெப்பத்தை வெளியேற்ற மின்னாற்றலை விழுங்கும் குளிர்ப்பொறியை மாட்டி, அதற்கு 'முன்னேற்றம்' எனப் பெயரிடுவது பேதைமையன்றோ! பனிநாட்டார் வெயிலை உள்ளே தேக்கக் கண்ணாடி வைத்தனர், அதில் அறிவுண்டு. தமிழ்நாட்டார் எதற்கு வைத்தனர்?

பர்மிங்காமில் 1917-இல் பிறந்த இலாரி பேக்கர், இந்நாட்டுச் சிற்றூர் மக்களின் கட்டுமுறையைப் பணிந்து கற்றார். செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைப் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செங்கல் மிஞ்சும். அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கும். தளத்தினடியில் ஓடுகளைப் பதித்துப் பைஞ்சுதையைக் குறைத்தார். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு நடுவம் அவர் கைத்திறனுக்குச் சான்று.

உலகக் கரிவளி உமிழ்வில் ஏறத்தாழ 8 விழுக்காடு பைஞ்சுதையால் விளைவது. சுண்ணச்சாந்தோ, சூளையில் விட்ட கரிவளியில் ஒரு பகுதியை இறுகும்போது மீள உட்கொள்கிறது.

கடுக்காய்நீர் வார்த்தரைத்த சுண்ணமும், முற்றமும், தாழ்வாரமும் தமிழர் அறியாதனவா? அயலவர் வந்து கற்ற பாடத்தை உரியவர் மறந்தனர். முற்றத்தை மூடியவன் காற்றை விலைக்கு வாங்குகிறான்; வாங்கவியலா ஏழையோ வேனிலிரவெல்லாம் சுடுதளத்தின்கீழ் வேகிறான்.

முதிய கொத்தரின் கையறிவு மண்ணோடு மறையுமுன், வீடு கட்டுவோர் விழிப்பாராக!