‘மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிப் போடுங்கப்பா’ - போனில் இதைச் சொல்லலாமா?

அறுவடை நேரம். ஊரிலிருந்து அப்பா போன். “கண்ணுல வைக்கோல் குத்திருச்சுப்பா, உறுத்திக்கிட்டே இருக்கு.” நாம் மீட்டிங்கில் இருப்போம். “மெடிக்கல்ல சொல்லி சொட்டு மருந்து வாங்கிப் போடுங்க, சாயங்காலம் கூப்பிடுறேன்.” நானும் இப்படிச் சொன்னவன்தான். இப்போது சொல்ல மாட்டேன்.

வைக்கோல், கரும்புத் தோகை, சீமைக்கருவேல முள், வயல் மண் எல்லாவற்றிலும் ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் மாதிரியான பூஞ்சைகள் இருக்கும். கருவிழியின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை அவை சாதாரணமாக உள்ளே நுழையாது. ஒரு கீறல் விழுந்தால் வழி கிடைத்துவிடும். 1994-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. பரிசோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. இது நம்ம ஊர் நோய்.

பூஞ்சை அவசரப்படாது. முதல் நாள் சிவப்பும் தண்ணீரும்தான். வெள்ளைப் புள்ளி தெரிவதற்குள் பல நாள் ஓடிவிடும். வைக்கோல் குத்தியதே அப்பாவுக்கு மறந்திருக்கும். “கண்ணுல பூ விழுந்துருச்சு” என்று ஊரில் சொல்வது பல நேரம் இப்படிப்பட்ட புண் விட்டுச்சென்ற தழும்புதான்.

இடையில் நாம் வாங்கச் சொன்ன சொட்டு மருந்து இருக்கிறதே, பிரச்சினையே அங்கேதான். சிவந்த கண்ணுக்குக் கடையில் எடுத்துத் தரும் பாட்டிலில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் குறைக்கும். “ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு” என்பார் அப்பா. உண்மையில் உடம்பின் எதிர்ப்பைத்தான் அது அடக்கியிருக்கிறது. பூஞ்சை நிம்மதியாக ஆழத்துக்கு இறங்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்பது சட்டம். கவுன்ட்டரில் நடப்பது உங்களுக்கே தெரியும். கடைக்காரரை மட்டும் திட்டி என்ன செய்ய, கேட்கச் சொன்னது நாம்தானே.

முள் கருவிழியைத் துளைத்துவிட்டால் கதை இன்னும் மோசம். சின்ன ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. பட்டவுடன் சூடாகத் தண்ணீர் கொட்டியதா, பார்வை மங்கியதா என்று கேளுங்கள். பூஞ்சைப் புண்ணுக்கு முதல் மருந்து நாட்டமைசின் சொட்டுதான். அதைவிடப் புதிய வோரிகோனசோலோடு ஒப்பிட்டுத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடந்த ஆய்வில் (2013-ல் வெளியானது) நாட்டமைசின்தான் ஜெயித்தது. ஆனால் அது மேலே இருக்கும் புண்ணுக்கு. ஆழத்துக்கு அது சரியாகப் போகாது. பூஞ்சை கண்ணுக்குள்ளே போய்விட்டால் கண்ணுக்குள் ஊசி, ஆபரேஷன் என்று போகும். அப்படியும் பார்வை திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சீக்கிரம் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூரில் 1990-களில் நடந்த ஒரு முயற்சி நல்ல சாட்சி. கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்குக் கிராமத் தொண்டர்களே குளோராம்பெனிக்கால் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஆக, எதிரி மருந்து அல்ல. ஸ்டீராய்டும் தாமதமும்தான்.

அதனால் போனில் முதலில் “எது பட்டுச்சு?” என்று கேளுங்கள். தூசி, வைக்கோல் என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், இலைச்சாறு, நாக்கால் தூசி எடுப்பது எதுவும் வேண்டாம். முள் குத்தி நின்றால் பிடுங்கவும் கூடாது, கழுவவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்மேல் அழுத்தாமல் வைத்து ஒட்டிக்கொண்டு நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதுவானாலும் அன்றைக்கே கண் டாக்டர். “வைக்கோல் பட்டது” என்ற ஒரு வார்த்தை அவருக்கு முக்கியம். புண் இருந்தால் அதைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், பூஞ்சையா என்று பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஊர் வீட்டு ஃப்ரிட்ஜில் பாதி தீர்ந்த ஒரு சொட்டு மருந்து பாட்டில் கட்டாயம் இருக்கும். லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று இருந்து, டாக்டர் இப்போது போடச் சொன்னதாகவும் இல்லையென்றால், குப்பையில் போடச் சொல்லுங்கள்.