மரைக்கார் ராமதாசும் நம்ம ‘மறுகா’வும்



இரவுச் சாப்பாடு முடிந்து, வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரே பகிடிக்குச் சிரித்து எத்தனை நாளாகிறது? மட்டக்களப்புப் பழுகாமத்தில் என் வீட்டிலும் இப்போது ஆளுக்கொரு போன். ஆளுக்கொரு சிரிப்பு.

எழுபதுகளில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற பகிடி நாடகம் போனது, மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதை எழுதியவர் எஸ். ராமதாஸ். எழுதி, தானே மரைக்காராகவும் நடித்தார்.

யார் யாருடைய தமிழைப் பேசினார்கள் என்று பாருங்கள். முஸ்லிம்களின் தமிழ் ராமதாசுக்கு. ஐயராத்துத் தமிழ் பி.எச். அப்துல் ஹமீட்டுக்கு. சிங்களவர் உபாலியாகக் கொச்சைத் தமிழ் பேசியவர் எஸ். செல்வசேகரன். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, ரி. ராஜகோபால். பக்கத்து வீட்டுப் பேச்சை ஆசையோடு கேட்டிருந்தால் தவிர இப்படி எழுத வராது. அதனால்தான் தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அதே பகிடிக்குச் சிரித்தார்கள், யாருக்கும் மனம் நோகவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஊருக்கு ஊர் அடுத்தடுத்து வாழும் நமக்கு இதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமா?

1976 இல் அது ‘கோமாளிகள்’ என்று படமானது. 1978 இல் ‘ஏமாளிகள்’. மேடை, வானொலி, சினிமா, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் நடித்த மனிதர், 2016 இல் காலமானபோதும் நமக்கு ‘மரைக்கார்’ ராமதாஸ்தான். தான் எழுதிய பாத்திரமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் இல்லை என்பேன்.

ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு குறை. அந்த நாலு பேரில் மட்டக்களப்பான் இல்லை. நம்ம ‘மறுகா’வும் ‘என்னகா’வும் அங்கே கேட்கவில்லை. அது ராமதாசின் பிழையல்ல. நாம் எழுதியிருக்க வேண்டியது. நம்மிடம் பகிடிக்கா பஞ்சம்? கூத்துக் களரியில் விடியச்சாமத்தில் சனத்தின் நித்திரையைக் கலைப்பவன் பகிடிக்காரன் அல்லவா?

இன்று ரீவியிலும் போனிலும் சென்னைத் தமிழைக் கேட்டு, நம் பிள்ளைகளும் அப்படியே பேசி வீடியோ எடுக்கிறார்கள். ஏசாதீர்கள். எடுக்கட்டும். ஆனால் முதலில் எழுதச் சொல்லுங்கள். அம்மம்மா மீன்காரரோடு விலை பேசுவதைக் கிட்ட இருந்து கேட்டு, அந்தப் பேச்சிலேயே இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

எழுதியதை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் அதற்கென்று நாலு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்