பெயர் சொல்லி அழைத்தால் வருவது யார்?

கணினியில் ஒரு நிரலைத் திறக்க முற்படுகையில், "வி.சி.ரண்டைம்140.டி.எல்.எல். என்னும் கோப்பைக் காணவில்லை" என்றோர் அறிவித்தல் திரையிலே தோன்றுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். உடனே வீட்டிலுள்ள பிள்ளை, "அம்மா, அந்தக் கோப்பு இணையத்திலை சும்மா கிடக்குது, எடுத்துப் போடட்டோ?" என்று கேட்பதும் உண்டு. விடை கூறுமுன், அக்கோப்பு யாது, அதனைக் கணினி எங்கே தேடுகின்றது என்பவற்றை நாம் அறிந்துகொள்வது நன்று.

ஊரிலே கலியாணம் நடப்பதற்காக ஒவ்வொரு வீட்டாரும் பெரிய கிடாரம் வாங்கி வைப்பதில்லை; பொதுவில் உள்ளதை எடுத்து ஆளுவர். விண்டோஸ் கணினியிலும் அவ்வாறே. பல நிரல்களுக்கும் வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றும் தன்னுள்ளே சுமவாது, பொதுக் கோப்புகளில் வைத்து வேண்டியபோது அழைத்துக்கொள்ளும். அவையே டி.எல்.எல். எனப்படுவன.

ஆனால் நிரல் பெரும்பாலும் கோப்பின் பெயரை மட்டுமே சொல்லும், இருக்குமிடத்தைச் சொல்லாது. தேடும் பொறுப்பு விண்டோசினுடையது. அப்பெயருடையது ஏலவே நினைவகத்தில் ஏறியிருக்கின்றதா, தான் குறித்து வைத்துள்ள பொதுக் கோப்புகளின் பட்டியலில் உள்ளதா என்று முதலிற் பார்க்கும். இல்லையேல், அந்நிரல் குடியிருக்கும் கோப்புறையில் தேடும். பின்னர் சிஸ்டம்32 முதலாய விண்டோசின் சொந்தக் கோப்புறைகள். அதன்பின் நிரல் அவ்வேளை நின்று வேலை செய்யும் நடப்புக் கோப்புறை. ஈற்றில் 'பாத்' என்னும் பட்டியலிற் கண்ட இடங்கள். அப்பெயர் எங்கே முதலில் அகப்படுகின்றதோ அங்கே தேடல் நின்றுவிடும். வந்தவர் உண்மையில் அவர்தாமா என்று ஊரும் தகப்பன் பெயரும் விசாரிக்கும் வழக்கம் சாதாரணமாக இல்லை. வில்லங்கம் இதிலேதான்.

முன்னாளில் நடப்புக் கோப்புறை சிஸ்டம்32இற்கும் முந்தி நின்றது. 2001 செப்டெம்பரிற் பரவிய நிம்டா என்னும் புழு இதனை நன்கறிந்திருந்தது. ஆவணங்கள் கிடக்கும் கோப்புறைகளிலே ரிச்எட்20.டி.எல்.எல். என்ற பெயரில் அது தன் பிரதியை வைத்தது. அப்பெயரில் வேர்ட் நிரலுக்கு வேண்டிய உண்மைக் கோப்பு ஒன்றுண்டு. ஆவணத்தைத் திறந்தவர் புழுவையும் திறந்தார்! 2004இல் வந்த எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு முதலாக நடப்புக் கோப்புறை பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. தள்ளப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை, முன்னிடங்களில் இல்லாத கோப்பை ஒரு நிரல் கேட்டால் மீண்டும் பழைய கதைதான். ஆகவே 2010 ஆகஸ்டில் மைக்ரோசொப்ட் நிறுவனமே இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. கோப்பின் முழு முகவரியையும் குறித்து அழைக்குமாறு நிரல் எழுதுவோருக்கு அது கூறும் புத்திமதி எமக்கு மிகச் சரியாகவே படுகின்றது. எல்லோரும் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

இறக்கிய நிறுவல் நிரலை 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் வைத்தே இயக்குவது நம்மவர் வழக்கம். அப்போது அந்நிரல் குடியிருக்கும் கோப்புறை அதுவேயாகும். என்றோ வந்து விழுந்த கள்ளக் கோப்பொன்று தக்க பெயருடன் அங்கே கிடப்பின், சிஸ்டம்32இல் உள்ள உண்மைக் கோப்பிற்கு முன் அதுவே அகப்படலாம். எனவே நிறுவல் நிரலைப் புதிய வெறுங் கோப்புறையொன்றிற்கு மாற்றி இயக்குதல் வேண்டும்.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். எடுத்துப் போடவே கூடாது. அழைத்த நிரலுக்குள்ள உரிமை யாவும் உள்ளே வந்த கோப்பிற்கும் கிடைக்கும். முன்பின் அறியாதவர் தந்ததை நம்புவது எங்ஙனம்? வி.சி.ரண்டைம்140 வேண்டுமாயின், மைக்ரோசொப்ட் இலவசமாய் அளிக்கும் விஷுவல் சீ பிளஸ் பிளஸ் மறுவிநியோகத் தொகுப்பை அந்நிறுவனத்திடமிருந்தே பெற்று நிறுவலாம். வேறு கோப்பாயின், குறித்த நிரலை அகற்றி, அதனை ஆக்கியோரிடமிருந்து பெற்று மீள நிறுவுக. 64 பிற் கணினியிலும் 32 பிற் நிரல்கள் இயங்குவதால், மேற்சொன்ன தொகுப்பின் இரு வகைகளையும் நிறுவி வைப்பதில் தவறில்லை.