லயத்து அறையும் கரிச்சட்டியும்

தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழுவதுண்டு. கருகிய தேயிலைக் கொழுந்துக்குத் தோட்டங்களில் மறுநாளே கணக்கெடுப்பர். கொழுந்து பறிப்பவர் அவ்விரவை எங்ஙனம் கழித்தனர் என்று கேட்பார் யாருமிலர்.

6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஊர் அது. அங்கே வெள்ளைத் துரைமார் தம் பங்களாக்களிற் கணப்படுப்பும் புகைபோக்கியும் அமைத்துக்கொண்டனர். தொழிலாளருக்கோ 10 அடிக்கு 12 அடி அறை போதுமென்றனர். கணப்புக்கு இடம் வைத்தாரில்லை. அந்த லயங்களிற் பலவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர்.

குளிர் தாங்காதவர்கள் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் சாக்கைச் செருகி, கரிச்சட்டியை அறைக்குள் வைத்து உறங்குகின்றனர். புகை அடங்கிய தணலால் தீங்கில்லை என்பது நம்மவர் எண்ணம். அது பெருந்தவறு. அடைத்த அறையில் எரியும் கரி காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவை வெளிவிடுகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. முதலில் தலைவலி, பின்னர் மயக்கம். உறக்கத்திலேயே உயிர் போவதுமுண்டு.

தணலை வெளியிலேயே வைத்துக் குளிர்காய வேண்டும். கதவின் கீழிடுக்கை அடைக்கலாம். கூரையோரத்துக் காற்றுவழியை அடைக்கலாகாது. சுடுநீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றிக் காலடியில் வைப்பது கரிச்சட்டியினும் நன்று.

இவ்வளவும் கூறிய பின்னரும் எமக்கு மனம் ஆறவில்லை. தனக்கு உரிமையில்லாத கூரையைத் தொழிலாளி எவ்வாறு செப்பனிடுவான்? ஒழுகும் தகரத்தை மாற்றுவதும், அதன்கீழ் உட்கூரை அடிப்பதும், சுவரிற் காற்றுவழி அமைப்பதும் தோட்ட நிருவாகங்களின் கடமை. அடுத்த மார்கழிக்கு முன் அவற்றைச் செய்து முடிக்குமாறு கோருகின்றோம்.