வீட்டுக் கட்டிலுக்கு ஏன் காப்பீடு இல்லை?

"சார், எந்தத் திருப்பத்தூர்? வேலூர் பக்கமா?"

காப்பீட்டு உதவி எண்ணில் பேசியவர் கேட்ட முதல் கேள்வி இது. 2019-இல் வடக்கே திருப்பத்தூர் என்று ஒரு மாவட்டமே உருவான பிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழகிவிட்டது. சிவகங்கை மாவட்டம், காரைக்குடிக்குப் பக்கம், மருது சகோதரர்களை 1801-இல் தூக்கிலிட்ட ஊர் என்று ஒவ்வொரு தடவையும் வரலாறு சொல்லித்தான் விலாசம் சொல்ல வேண்டும். சொன்னேன். இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை.

"பேஷண்ட் இப்ப எந்த ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆகியிருக்காங்க?"

"வீட்டுல இருக்காங்க."

"அப்ப கிளைம் வராது சார்."

விஷயம் இதுதான். என் அப்பத்தாவுக்கு வயது 78. கொல்லைப்புறக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தோம். ஏழு நாள் ஆஸ்பத்திரி வாசம். அப்பா வேலை பார்க்கும் கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் பாலிசியில் ஆபரேஷன் செலவு, அறை வாடகை, மருந்து எல்லாம் பெரிய தகராறு இல்லாமல் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்தப் பாலிசி இல்லையென்றால் வீட்டில் இருந்த நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் கொடுத்த தாளில் அடுத்த மூன்று மாதத்துக்கான வேலை எழுதியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். காயத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். இயன்முறை சிகிச்சை தொடர வேண்டும். அதாவது, ஆஸ்பத்திரியில் இரண்டு நர்சும் ஒரு பிசியோதெரபிஸ்டும் செய்த வேலையை இனிமேல் நாங்கள் செய்ய வேண்டும், எங்கள் செலவில்.

மூன்று மாதம் நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது:

வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் - 40,000
பிசியோதெரபிஸ்ட் 36 தடவை, தடவைக்கு 400 - 14,400
ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகை, மூன்று மாதம் - 9,000
காற்றுப் படுக்கை - 4,500
வாக்கர் - 1,500
டயாபர், கட்டுத் துணி, கையுறை வகையறா - 12,000
டாக்டர் வீட்டுக்கு வந்தது நான்கு தடவை - 2,000

மொத்தம் 83,400 ரூபாய். 90 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 927 ரூபாய். மதுரையில் அறை வாடகை மட்டும் நாளுக்கு 4,000. பாலிசி அந்த 4,000-ஐக் கேள்வி கேட்காமல் கொடுத்தது. இந்த 927-ஐக் கொடுக்க மறுத்தது. மறுத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பாலிசியில் எழுதியிருந்ததைத்தான் சொன்னார். எழுதியிருக்கும் முறைதான் தவறு என்கிறேன்.

விதி என்ன சொல்கிறது?

நம் நாட்டு மருத்துவக் காப்பீடு மொத்தமும் ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது: 24 மணி நேரமாவது மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்க வேண்டும். அதற்கு முன் 30 நாள், பின் 60 நாள் செலவுகளைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்த 60 நாளில் நடைமுறையில் வருவது மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணம். பார்த்துக்கொள்ள வந்த ஆள், கட்டில், டயாபர் எல்லாம் கழிக்கப்படும்.

"டொமிசிலியரி" என்று ஒரு பிரிவு இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வீட்டிலேயே சிகிச்சை எடுத்தால் பணம் தரும் பிரிவு. நானும் ஆசையாகத்தான் படித்தேன். நோயாளியை மருத்துவமனைக்கு நகர்த்தவே முடியாத நிலை இருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் இடம் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் அது செல்லும். அதிலும் ஆஸ்துமா, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, வலிப்பு, மூட்டுவாதம் என்று ஒரு விலக்குப் பட்டியல் பல பாலிசிகளில் உண்டு. வயதானவர்களுக்கு வருவதே இந்த நோய்கள்தான்!

அப்பத்தாவை மருத்துவமனைக்கு நகர்த்த முடிந்தது, இடமும் கிடைத்தது, சிகிச்சையும் முடிந்தது. ஆகவே அவருக்கு இந்தப் பிரிவு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவருக்கு உண்டு, போய்விட்டு வந்தவருக்கு இல்லை. இந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

24 மணி நேர விதி கல்லில் செதுக்கியதும் இல்லை. கண்புரை ஆபரேஷன் காலையில் போய் மாலையில் திரும்பும் வேலையாக மாறியபோது, "டே கேர்" என்று பெயர் வைத்து விதியைத் தளர்த்தினார்கள். மனநோய்க்குக் காப்பீடு கிடையாது என்ற நிலை இருந்தது. 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்து உடல் நோய்க்குச் சமமாக அதற்கும் காப்பீடு தர வேண்டும் என்றது. 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி தரமாட்டோம் என்ற வயது வரம்பை 2024 ஏப்ரலில் ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியது. மனம் இருந்தால் விதி மாறும்.

ஏற்கெனவே செய்து பார்த்தது

வீட்டுச் சிகிச்சைக்குக் காப்பீடு நடைமுறைக்கு ஒத்துவராது, ஏமாற்று வேலை நடக்கும் என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் 2020 ஜூலையில் இதே ஆணையத்தின் உத்தரவில் வந்த "கொரோனா கவச்" பாலிசியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தனிமைப்பட்டுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு 14 நாள் வரை அதில் பணம் உண்டு. நிபந்தனைகள் எளியவை: டாக்டர் வீட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்க வேண்டும், தினமும் மருத்துவக் கண்காணிப்பு இருக்க வேண்டும், நாள்வாரியாகக் குறிப்புத் தாள் பராமரிக்க வேண்டும்.

மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பி வழிந்தபோது வீடு நம்பகமான இடமாகிவிட்டது. படுக்கைகள் காலியானதும் வீடு மறுபடி வெறும் வீடாகிவிட்டது. அன்று கொரோனாவுக்குப் போதுமானதாக இருந்த குறிப்புத் தாள் இன்று இடுப்பு எலும்பு முறிவுக்கும் பக்கவாதத்துக்கும் ஏன் போதாது?

வெளிநாட்டில் இது பழைய செய்தி. ஜெர்மனி 1995-இலேயே நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு கொண்டுவந்தது. அதில் பராமரிக்க ஆள் அனுப்பச் சொல்லலாம், அல்லது வீட்டில் பார்த்துக்கொள்ளும் உறவினருக்குக் கொடுக்கப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பராமரிக்கும் உறவினருக்கு ஓய்வூதியச் சந்தாவும் கட்டுகிறார்கள். ஜப்பான் 2000 ஏப்ரலில் தொடங்கியது. அங்கே 40 வயதானவர்கள் எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள், சேவையைப் பயன்படுத்துபவர் செலவில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மெடிகேர் வீட்டுக்கு வரும் நர்சுக்கும் பிசியோதெரபிக்கும் பணம் தரும். சமைக்கவும் குளிப்பாட்டவும் மட்டும் ஆள் வேண்டும் என்றால் தராது.

இந்தக் கடைசிப் பிரிவினையை நாம் கவனிக்க வேண்டும். மருத்துவத் திறன் தேவைப்படும் வேலை ஒன்று, கூட இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை இன்னொன்று. இரண்டையும் முதல் நாளிலிருந்தே காப்பீடு ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பிரீமியம் எங்கோ போய்விடும், பாலிசி எடுப்பவரே குறைந்துவிடுவார்கள். முதலாவதை மட்டுமாவது ஏற்கலாம். எங்கள் நோட்டுக் கணக்கில் பிசியோதெரபி, கட்டில், காற்றுப் படுக்கை, வாக்கர், டாக்டர் வருகை இவற்றைக் கூட்டினால் 31,400 ரூபாய். ஆஸ்பத்திரி அறையில் எட்டு நாள் வாடகைகூட இல்லை. இவற்றைக் கொடுத்து நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் லாபம் காப்பீட்டு நிறுவனத்துக்கும்தான். படுக்கைப் புண் வந்து மறுபடி அட்மிட் ஆனால் அந்தச் செலவையும் அவர்கள்தானே கட்ட வேண்டும்?

எங்கள் ஊரில் இது ஏன் பெரிய விஷயம்?

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள் தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் 10.4. செட்டிநாட்டு ஊர்களில் நடந்து பார்த்தால் அதைவிட அதிகம் என்றே தோன்றும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடு. உள்ளே ஓர் ஆச்சி, துணைக்கு ஒரு வேலைக்காரம்மா. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் வீடு நிறையும். பெரிய வீடு இல்லாத எங்களைப் போன்றவர்கள் தெருவிலும் கதை அதேதான், படிக்கவும் பிழைக்கவும் போன பிள்ளைகள் திரும்புவதில்லை.

காப்பீட்டில் எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால் போதாது. வீட்டுச் சிகிச்சை உண்டு என்று விளம்பரம் செய்யும் பாலிசிகள் இப்போது சில இருக்கின்றன. நுணுக்கி எழுதியதைப் படித்தால், குறிப்பிட்ட நகரங்களில், அவர்கள் ஒப்பந்தம் போட்ட சேவை நிறுவனம் மூலம் மட்டும் என்று இருக்கும். சென்னைக்கு வருவார்கள். திருப்பத்தூருக்கு யார் வருவார்கள்?

இங்கே அரசு செய்ததைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வந்தன. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் சேர்ந்தவை. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. அப்பத்தாவின் பிரஷர் மாத்திரை அப்படி வந்ததுதான். ஆனால் ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்றால் அவர் எத்தனை வீட்டுக்கு, வாரத்தில் எத்தனை நாள் வர முடியும்? எங்கள் வீட்டுக்கு 36 தடவை தேவைப்பட்டது.

அரசின் காப்பீட்டுத் திட்டம் இதற்கு முற்றிலும் தனியாக ஓடுகிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை என்றானது. மத்தியத் திட்டத்தின் விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் செலவு சேர்த்தி. இடுப்பு எலும்புக்கு 15 நாள் போதாது என்று எந்த எலும்பு டாக்டரும் சொல்வார். அந்த 15-ஐ 90 ஆக்கி, அந்தப் பணத்தில் வட்டாரத்துக்கு இன்னும் நாலு பிசியோதெரபிஸ்டையும் நர்சையும் அமர்த்தினால், வீடு தேடி வரும் மருத்துவமும் காப்பீடும் ஒன்றை ஒன்று தாங்கும். படித்துவிட்டுச் சொற்பச் சம்பளத்துக்கு ஆஸ்பத்திரிகளில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே வேலையும் கிடைக்கும்.

நோட்டில் ஏறாத செலவு

மேலே சொன்ன 83,400-இல் ஒரு வரி விட்டுப்போனது. வீட்டோடு இருந்தவர் இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார். மூன்றாவது மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டது என் அம்மா. அம்மா வீட்டில் ஜாக்கெட் தைப்பவர். அது தை மாதம், முகூர்த்த மாதம், வருடத்தில் அதிகமாகத் துணி வரும் நேரம். வந்த துணியை எல்லாம் திருப்பிக் கொடுத்தார். மிஷின் மேல் போர்த்திய துணி பங்குனி வரை அப்படியே இருந்தது. அந்த நஷ்டத்தை எந்தக் கிளைம் படிவத்தில் எழுதுவது?

பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளையைத் தண்டிக்க 2007-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சரியான சட்டம்தான். ஆனால் பராமரிக்கிறவருக்குக் கை கொடுக்க ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. "மாமியாரை மருமகள் பார்த்துக்கொள்வாள்" என்ற நம்பிக்கையின் மேல்தான் நம் காப்பீட்டுக் கணக்கெல்லாம் போடப்பட்டிருக்கிறது. அந்த மருமகளுக்கு மட்டும் பிரீமியம் கிடையாது.

விதி மாறும் வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. உங்கள் வீட்டுப் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் எத்தனை நாள், அதில் பிசியோதெரபி சேருமா, வீட்டுச் சிகிச்சை உண்டென்றால் உங்கள் ஊரில் உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டில் என்னென்ன தேவை என்பதை டாக்டரிடம் பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். கிளைமை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நாங்களும் எழுதியிருக்கிறோம். 31,400-க்குத்தான் கேட்டிருக்கிறோம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அப்பத்தா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறார். போன வாரம் நான் இந்தக் கணக்கையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கொண்டிருந்தார். "ஏப்பா, நான் ஆசுபத்திரியிலேயே கெடந்திருந்தா காசு குடுத்திருப்பாய்ங்களா?" என்றார்.

"ஆமா அப்பத்தா."

"வீட்டுக்கு வந்தது தப்பாப் போச்சோ?"

இந்தக் கேள்வியை ஒரு கிழவி கேட்கும்படி வைத்திருக்கிறோமே, அதுதான் மாற வேண்டும்.