சின்னம்மையும் நமது கடமையும்

மாசி, பங்குனி மாதங்களில் சின்னம்மை ஊர்தோறும் தலைகாட்டுவது நாம் கண்டறிந்ததே. “சிறு பிள்ளைகளுக்கு வந்து போகும் நோய்தானே” என்று அதனை எளிதாய் எண்ணுவோர் பலர். திடமான குழந்தைகளைப் பொறுத்தமட்டில் அது பெரும்பாலும் உண்மையே. ஆயின் கர்ப்பிணிகள், பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கு அது சில வேளை உயிருக்கே ஆபத்தாய் முடியும். இளமையில் இந்நோய் காணாத பெரியோரையும் அது கடுமையாய் வருத்தும். வெப்ப நாடுகளில் அத்தகையோர் மிகுதி. நம் விடுதிகளிலும் அவர் சிலரல்லர்.

நம் முன்னோர் வாயிலில் வேப்பிலை செருகி, அயலாரை உள்ளே விடாது நோயாளியைத் தனித்து வைத்தனர். அஃது அறிவுடைய வழக்கமே. எனினும் கொப்புளம் தோன்றுதற்கு ஓரிரு நாட்கள் முன்னரே நோய் பிறரைத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும்வரை அது தொடர்கிறது. ஆகவே தனித்திருத்தல் மட்டும் போதாது. வருமுன் காத்தலே வேண்டற்பாலது.

அதற்கு வழியும் உண்டு. ஜப்பானிய அறிஞர் மிச்சியாக்கி தாக்காஹாஷி 1974-ஆம் ஆண்டில் இந்நோய்க்குத் தடுப்பூசி கண்டார். அமெரிக்காவில் 1995 முதல் அது குழந்தைகளுக்கு இடப்பட்டு, நோய் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் குறைந்தது. நம் நாட்டிலும் அது கிடைக்கிறது. இரு முறை இட்டுக்கொள்ளல் வேண்டும். ஆனால் உயிருள்ள கிருமியை வலுக்குன்றச் செய்து ஆக்கியதாகலின், கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்க்கும் ஆற்றல் மிகக் குன்றியோருக்கும் அதனை இடலாகாது. எவருக்கு ஆபத்து மிகுதியோ அவருட் பலர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர். அவருக்கு அரணாவார், அவரைச் சூழ வாழும் நாமே. ஆதலின் நம்மில் இந்நோய் காணாதோர் வைத்தியரைக் கலந்து தடுப்பூசி இட்டுக்கொள்ளுதல் தந்நலம் மட்டுமன்று, பிறர்நலமுமாம்.

இன்னொன்றும் கூறுவோம். வருகை குறையுமென்றும் தேர்வு தவறுமென்றும் அஞ்சிக் கொப்புளத்தை மறைத்து வகுப்புக்கு வரும் மாணாக்கரும், நோயோடு பேருந்தேறி ஊர் செல்வோரும் உளர். அவரைக் கடிந்துகொள்ளுமுன் அவ்வச்சத்தைப் போக்குதல் முறை. சின்னம்மை கண்டவருக்கு வருகைக் குறைவு கணக்கிடப்படாதென்றும், தவறிய தேர்வை மீண்டும் எழுதலாமென்றும் கல்லூரிகள் வெளிப்படையாய் அறிவித்தல் வேண்டும். விடுதியில் இதற்கென ஓர் அறை ஒதுக்கி, முன்னரே இந்நோய் கண்டு தேறியவரைக் கொண்டு பணிவிடை செய்வித்தலும் நன்று.

இவற்றிற்காகும் செலவு சிறிது. மறைத்து வந்த ஒரு மாணவரால் ஆசிரியர் இல்லத்துக் கர்ப்பிணி ஒருவருக்கு நேரும் இடரோ பெரிது. இதனை எண்ணிப் பார்த்து, ஆவன செய்ய மாணாக்கரையும் ஆசிரியரையும் வேண்டுகிறோம்.