மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

எலிச் சிறுநீர்க் காய்ச்சல் நம் பள்ளிகளுக்குப் புதிய சொல் அன்று. 2010-ஆம் ஆண்டு பகாங், மாரானில் உள்ள லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடும் பணியில் ஈடுபட்டோரிடையே இந்நோயும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயும் தோன்றி எட்டுப் பேர் இறந்தனர். அதன்பின் முகாமுக்குச் செல்லும் மாணவர்களை ஆற்றில் இறங்கவிடத் தயங்குகிறோம். நல்லதே. ஆனால், நோய் வந்த பிள்ளை மருத்துவமனையில் சேர்ந்தபின் என்ன நேரக்கூடும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடுமையாகத் தாக்கப்பட்டவருக்குப் பென்சிலின் அல்லது செஃப்டிரியாக்சோன் ஊசிவழி செலுத்துவர். முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் குறைவதற்கு மாறாக ஏறலாம். உடல் நடுங்கும், தலைவலி கூடும், சிலருக்கு இரத்த அழுத்தமும் இறங்கும். பார்த்திருக்கும் தாய்க்கு நெஞ்சு பதறாதா? "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துங்கள்" என்று மன்றாடுவது இயல்பே. எனினும், பெரும்பாலும் இது மருந்து வேலை செய்வதன் விளைவு. சுருள் வடிவக் கிருமிகள் கூட்டமாக மடியும்போது அவற்றிலிருந்து வெளிப்படும் பொருள்கள் உடலைக் கொதிக்க வைக்கின்றன. மேகப்புண் நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதிய யாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் ஆகியோரின் பெயராலேயே இவ்வெதிர்வினை வழங்குகிறது. வழக்கமாக ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். அதுவரை மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக் கசிவு ஆகியவை வேறு. அவை நோயின் வேலை. அவற்றையும் ஊசியின்மேல் பழிபோடுவோர் உண்டு!

என் கவலை இன்னொன்று. இப்படி ஓரிரவு நடுங்கிய பிள்ளையின் பள்ளி நலக்குறிப்பில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று பெற்றோர் சொல்ல, நாம் எழுதிவிடுகிறோம். பிறகு வேறொரு நோய்க்கு அம்மருந்தே சிறந்ததாயினும், மருத்துவர் அதைத் தவிர்க்க நேரும். உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்றால் அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கலாம்; அதற்கு உடனே செவிலியரை அழைக்க வேண்டும். எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் பணி. ஆகவே, மருத்துவமனையின் எழுத்துக் குறிப்பைக் காணாமல் அந்தக் கட்டத்தை ஆசிரியர்கள் நிரப்பக்கூடாது என்பதே என் கருத்து. பெற்றோரும் வீடு திரும்பும் நாளில் அக்குறிப்பை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.